அசையாமல் இருந்தவள்

கையில் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. போன் தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டியிருக்கிறது, கைப்பை அதற்குப் பக்கத்து நாற்காலியில், பைக்குள்ளே என் பென்சில். இங்கே மேசைமேல் கையெழுத்துப் போட ஒரு நீலப் பேனா, வராதவர்களின் எண்ணைக் குறிக்கிற தாள், தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, இன்று வணிகவியல், இருபது பிள்ளைகள், மூன்று மணி நேரம். நான் தாராபுரத்தில் உயிரியல் டீச்சர், இந்த ஊருக்குத் தேர்வு மேற்பார்வைக்கு வந்திருக்கிறேன், என் பெயர் கோகிலவாணி என்பதுகூட இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, எனக்கும் இவர்கள் வெறும் எண்கள். முன்பெல்லாம் இந்த மூன்று மணி நேரத்தை நினைத்தாலே முழங்கால் வலிக்கும். உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, பேசக் கூடாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதைத்தான் பார்ப்பது? இப்போது அந்தக் கேள்வியே வருவதில்லை, பார்க்க அவ்வளவு இருக்கிறது, வரையத்தான் வழியில்லை. அதனால் கட்டைவிரல் நகத்தால் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வரைகிறேன். பார்ப்பவர்கள் நான் ஏதோ சாமி பெயரை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைப்பார்கள். ஜன்னல் கம்பி. கம்பிக்கு அப்பால் வேம்பு. மின்விசிறி, அதன் ஒரு இறக்கை வளைந்திருக்கிறது போல, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விக்கல். பிறகு காதுகள். எல்லோரும் குனிந்து எழுதுகிறபோது முகம் மறைந்துபோய்க் காதுதான் நிற்கிறது. சிலது தலையோடு ஒட்டிக்கொண்டு, சிலது முறத்தை வைத்த மாதிரி விலகிக்கொண்டு, ஒரு பையனுக்கு மேல் விளிம்பில் சின்ன மடிப்பு, துணி தைக்கும்போது மடித்துவிட்ட மாதிரி. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குக் காதின் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன், வெளிச்செவி, நடுச்செவி, உட்செவி, ஒரு காதையாவது பார்த்திருக்கிறேனா? அம்மாவின் காது எப்படி இருந்தது? தோடு தெரிகிறது, எட்டுக்கல் தோடு, அதன் திருகாணி தேய்ந்து நூல் சுற்றிப் போட்டிருந்தது தெரிகிறது, தோட்டைச் சுற்றி இருந்திருக்க வேண்டிய காதைக் காணோம். எவ்வளவு நேரம் அவள் மடியில் படுத்திருப்பேன், என் முகத்துக்கு நேர் மேலே இருந்த காது, எங்கே போயிற்று அது? போட்டோவில் எல்லாம் அம்மா நேராகப் பார்க்கிறாள், காதை முடி மறைத்திருக்கிறது.

அந்த ஆட்டு இதயம் மட்டும் வராமல் இருந்திருந்தால் இதெல்லாம் எனக்குத் தோன்றியிருக்காது. போன வருடம் ஜூனில், பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண் கறிக்கடையிலிருந்து ஆட்டு இதயம் ஒன்றை வாழையிலையில் சுற்றி எடுத்துவந்துவிட்டாள், டீச்சர் டீச்சர் இதைப் போட்டுக் காட்டுங்க என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். நான் கரும்பலகை பக்கம் திரும்பி இதயம் வரைந்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன், இடது வெண்ட்ரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், சிவப்புச் சாக்பீஸ், நீலச் சாக்பீஸ், அச்சில் வார்த்தது போல் வரும், அதில் எனக்கு ஒரு பெயரே உண்டு. வரைந்து முடித்துத் திரும்பினால் அந்தப் பெண் மேசையில் கிடந்ததைப் பார்க்கிறாள், பலகையைப் பார்க்கிறாள், மறுபடி மேசையைப் பார்க்கிறாள். மேசையில் இருந்தது சாய்ந்து, கொழுப்புப் படிந்து, ஒரு பக்கம் சப்பையாக, பழுப்பும் ஊதாவுமாக இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே அதன் படத்தைப் போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் வீட்டில் டீ போட்டு டம்ளரில் ஊற்றி, ஆறட்டும் என்று வைத்துவிட்டு, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அதை வரைந்தேன். டம்ளர் கோணலாக வந்தது, டீ அதில் நிற்கவே நிற்காது, வழிந்துவிடும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் நான் எதையும் நினைத்துப் பயப்படவில்லை என்பது டீயைக் குடிக்கும்போதுதான் தெரிந்தது. அப்படித்தான் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். தினமும் ஒன்று, டீ ஆறுகிற நேரத்துக்குள். செருப்பு, தேங்காய்த் துருவி, ஈரத்துண்டு. கோயமுத்தூர் போனபோது தடித்தாள் வைத்த நல்ல நோட்டு ஒன்று வாங்கினேன், அது வந்தவுடனே எல்லாம் நின்றுபோயிற்று, அவ்வளவு நல்ல தாளில் கோணல் டம்ளரை எப்படிப் போடுவது? அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன், மறுபடி வினாத்தாளின் முதுகுக்கே திரும்பினேன், கை ஓடியது. மகளுடைய பிரசவத்துக்கு ஓசூர் போனபோதும் விட்டுப்போனது, ஒருநாள் விட்டால் மறுநாள் விடுவது எவ்வளவு சுலபம், அதற்கடுத்த நாள் விட்டதே தெரியாது. அவ்வளவுதான், கோகிலா, இதுவும் உன் தையல் வகுப்பு மாதிரி, இந்தி வகுப்பு மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு விடியலில் பேரன் தூங்குகையில் பால்பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷை வரைந்தேன், விட்டுப்போன நாட்களை யாரும் கேட்கவில்லை. வீட்டில் அவர் மட்டும் ஒன்றும் கண்டுகொள்ளாத மாதிரி இருப்பார். மோட்டார் ரீவைண்டிங் கடையிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்து பேப்பரை விரித்தால் பக்கத்தைத் திருப்பவே மாட்டார், வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார், நான் வரைந்து முடிக்கிறவரை அதே பக்கம்தான். "முடிஞ்சுதா?" என்று கேட்க மாட்டார், "டீ ஆறிப்போச்சு பாரு" என்பார். பார்க்கப்படுவது எல்லோருக்கும் பிடித்துத்தான் இருக்கிறது என்று அதிலிருந்துதான் முடிவுகட்டியிருந்தேன்.

மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம், அந்தப் பெண். இப்போதுதான் கண் அங்கே போய் உட்காருகிறது. மற்ற பிள்ளைகள் எல்லாம் ஓயாமல் அசைகிறார்கள், ஒரு தோளை நகத்தில் பிடிப்பதற்குள் அது நகர்ந்துவிடுகிறது, தலையைச் சொறிகிறார்கள், தாளைத் திருப்புகிறார்கள், பெஞ்சுக்கு அடியில் கால் ஆடுகிறது. இவள் அசையவில்லை. ரெட்டைச் சடை, மடித்துக் கட்டிய பச்சை ரிப்பன், ஜன்னல் வெளிச்சம் நெற்றியில் விழுந்து மூக்கின் ஒரு பக்கமாக வழிந்து மேலுதட்டில் நிற்கிறது. ஒரு கைமேல் இன்னொரு கை. என்ன அழகான உட்காரல். கடவுளே, இப்படி ஒரு ஆள் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை, அவர்கூட மூச்சை அடக்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் மூக்கைத் தேய்த்துவிடுவார். நகத்தால் நெற்றியில் தொடங்குகிறேன், மெதுவாக, எறும்பு ஊர்கிற வேகத்தில், கண் போகிற இடத்துக்கே நகமும் போக வேண்டும், நெற்றி, புருவமேடு, அங்கே ஒரு சின்னப் பள்ளம், மூக்குத்தண்டு. மூக்கு கொஞ்சம் பெரிசுதான், அதனால்தான் முகத்துக்கு ஒரு பிடிப்பு வருகிறது. உதடு இறுக்கமாக மூடியிருக்கிறது. கன்னத்தில் பரு வந்து ஆறிய தடம். ஒருமுறை நிமிர்ந்தாள். நேராக என் கண்ணைப் பார்த்தாள், உடனே குனிந்துகொண்டாள். நல்லவேளை, தலை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மறுபடி நெற்றியிலிருந்து தொடங்குகிறேன். கழுத்து, சட்டைக் காலர், இன்னொருமுறை நிமிர்ந்து குனிகிறாள், தோள், முழங்கை. வரைகிறபோது பொருளைவிட்டு அதைச் சுற்றியுள்ள காலி இடத்தைப் பார்த்தால் உருவம் சரியாக வரும் என்று நானாகத்தான் கண்டுபிடித்தேன், அவருடைய இடுப்புக்கும் மடக்கிய கைக்கும் நடுவில் ஒரு முக்கோணம் விழும், அதைப் போட்டால் அவர் வந்துவிடுவார். இவளுக்கும் அப்படி ஒரு முக்கோணம், உடம்புக்கும் முழங்கைக்கும் டெஸ்க்கின் விளிம்புக்கும் நடுவே, அதற்குள் பின்சுவரின் மஞ்சள் தெரிகிறது. மற்றவர்களுடைய முக்கோணங்கள் திறந்து திறந்து மூடுகின்றன, வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும்போதெல்லாம் திறக்கின்றன. இவளுடையது அப்படியே இருக்கிறது. எவ்வளவு நேரமாக? இரண்டாவது தடவை நிமிர்ந்து பார்த்தாளே, அப்போதும் அதே அகலம். அதற்கு முன்பும். வரி முடிந்தால் கை நகர வேண்டுமே. நகரவில்லை. நகரவே இல்லை. என் நகம் விரலிலேயே நின்றுவிட்டது. இந்தப் பெண் எழுதவில்லை. நான் இவ்வளவு நேரமாக ரசித்துக்கொண்டிருந்தது என்ன? பரீட்சை எழுத வந்த பிள்ளை எழுதாமல் உட்கார்ந்திருப்பதை.

போகிறேன். பத்தடி தூரம், செருப்புச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது, நான் வருவது தெரிந்து அவள் இன்னும் விறைக்கிறாள். பக்கத்தில் போய்க் குனிகிறேன். விடைத்தாளில் பாதிப் பக்கம் குண்டு குண்டான எழுத்து, பிறகு வெறும் கீறல்கள், மை இல்லாத முனை தாளை உழுதிருக்கிறது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"என்ன கண்ணு? எழுதலையா?"

பேனாவை உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறாள்.

"உடம்புக்கு முடியலையா? தண்ணி குடிக்கிறயா?"

"இல்லீங் டீச்சர்." பெஞ்சைப் பார்த்தே சொல்கிறாள். "பேனா எழுதலீங்."

"வேற பேனா?"

"ஸ்கூல் கேட்டுல சௌம்யா ஒண்ணு வாங்கிட்டுப் போயிட்டாளுங். அவ வேற ரூமுங்."

"எப்ப இருந்து எழுதல?"

"அப்பவே இருந்துங்." ஒரு சொட்டு விழுந்து வினாத்தாளில் ஊறுகிறது.

ஓடிப்போய் என் பேனாவை எடுத்துவந்து அவள் கையில் வைக்கிறேன். நீலம்தான், அவள் எழுதியிருப்பதும் நீலம்தான், அந்த மட்டும் தப்பித்தோம். கை ஜில்லென்று இருக்கிறது. "எழுது சாமி. அழுகாத. தெரிஞ்சத மொதல்ல எழுது." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாள்மேல் கவிழ்கிறாள், முக்கோணம் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து சுவரைப் பார்த்து நிற்கிறேன். இனி அவளைப் பார்க்கக் கூடாது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் போயிருக்கும்? நெற்றியில் தொடங்கி முழங்கைக்கு வந்து மறுபடி நெற்றிக்குப் போய், மூன்று தடவையா, நான்கு தடவையா? வரையும்போது நேரம் தெரியாது என்று ஸ்டாஃப் ரூமில் எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், அதுதாங்க அதுல சுகமே, மணி போறதே தெரியாது. மணி போனது. யாருடைய மணி? காது, பரு, ரிப்பன், உதட்டின் இறுக்கம் வரைக்கும் பார்த்தேனே, அந்த இறுக்கம் எதனால் என்று கேட்கத் தோன்றவில்லை, அது கோடாகத்தான் தெரிந்தது எனக்கு. முன்பு மாதிரி ஒன்றும் பார்க்காமல் கொட்டாவி விட்டுக்கொண்டு வரிசைக்கு நடுவில் நடந்திருந்தால்கூட அவள் பக்கம் போகும்போது என்னம்மா என்று கேட்டிருப்பேன். அப்படியானால் இந்தப் பழக்கம் என்ன பழக்கம்? ஆட்டு இதயத்தைப் பார்க்காமல் படம் போட்டவள், இப்போது பார்த்துப் பார்த்து ஒரு பெண்ணைப் படமாக்கிவிட்டேன், இரண்டும் ஒன்றுதானா? இல்லை, முக்கோணம் சொல்லித்தானே தெரிந்தது. அதுவும் தாமதமாகத்தான் சொல்லிற்று. விட்டுவிடலாம் இதை. டீயைச் சுடச்சுடக் குடித்துவிட்டு டிவி பார்க்கலாம், யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் என்ற வார்த்தையில் மனசு சிக்கிக்கொள்கிறது, அவர் பேப்பரைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார், நான் வரைய வராவிட்டால் எவ்வளவு நாளைக்கு அந்தப் பக்கத்திலேயே இருப்பார்? வாசலில் நிழல். முதன்மைக் கண்காணிப்பாளர் நாச்சிமுத்து சார் சுற்றி வருகிறார், நல்ல மனிதர், கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்க்கிறார். வாசலுக்குப் போய் மெதுவாகச் சொல்கிறேன்.

"சார், ஒரு பிள்ளைக்குப் பேனா நின்னுபோச்சுங். ரொம்ப நேரம் சும்மா உக்காந்துட்டா. கொஞ்சம் டைம் சேத்துக் குடுக்க முடியுங்களா?"

"அவ கேக்கலீங்களா?"

"பயந்துட்டாளாட்ட இருக்குதுங்."

"பாவந்தான். ஆனா அதுக்கு நம்மகிட்ட அதிகாரம் இல்லீங் டீச்சர்." அவர் உள்ளே பார்க்கிறார், குனிந்து கிடக்கிற பச்சை ரிப்பனைப் பார்க்கிறார். "நீங்க கவனிக்கலீங்களா?"

"பாத்துட்டுத்தானுங் இருந்தேன்," என்கிறேன். அது உண்மை. சொல்லும்போது காது சுடுகிறது. அவர் அடுத்த அறைக்குப் போகிறார்.

எச்சரிக்கை மணி அடிக்கிறது. கடைசி மணிக்கு முந்திய இந்தக் கொஞ்ச நேரத்தில் அறை முழுவதும் பேனாச் சத்தம், மழை தகரத்தில் பிடிக்கிற மாதிரி. அவள் எழுதுகிறாள், நாக்கு நுனி வெளியே வந்திருக்கிறது, சடை ஒன்று முன்னால் விழுந்து தாளில் கிடக்கிறது, அதை ஒதுக்கக்கூட இல்லை. கடைசி மணி. நான் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம், பேனாவைக் கீழே வையுங்கள், எத்தனையோ வருடமாக இதைத் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். வாய் வரவில்லை. ஜன்னல் ஓரத்திலிருந்து தாள் வாங்குவதுதான் என் வழக்கம், இன்று கதவு ஓரத்திலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொரு தாளாக, எண்ணைப் பார்த்து, முகப்பில் இருக்கிற போட்டோவைப் பார்த்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, தாளைத் தைத்த நூல் சரியாக இருக்கிறதா பார்த்து, மெதுவாக. தப்புதான். மற்ற பத்தொன்பது பேருக்கு இது நியாயமா? நான் கை நீட்டுகிறவரைக்கும் எழுதுகிறவர்கள் எழுதட்டும் என்று விட்டேன், சிலர் எழுதினார்கள், சிலர் எப்போது விடுவார்கள் என்று கொட்டாவி விட்டார்கள். கடைசியாக அவள். நான் நீட்டிய கையைப் பார்த்துவிட்டு ஒரு வாக்கியத்தை ஓட்டமாக முடித்துப் புள்ளி வைத்தாள். போட்டோவில் சிந்துஜா என்ற பெயருக்கு மேலே முறைத்துக்கொண்டிருந்தாள்.

தாள்களை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட அடுத்த அறை டீச்சரிடம் பேனா இரவல் வாங்கி, போனும் பையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருக்கிறாள். கையில் என் பேனா.

"குடுத்துட்டுப் போலாம்னு நின்னேனுங் டீச்சர்."

"எத்தனை விட்டுப்போச்சு?"

"அஞ்சு மார்க்கு ஒண்ணுங். அது எப்பிடியும் எனக்குப் பாதிதான் தெரியுங்." பொய்யாகத்தான் இருக்க வேண்டும், என்னைத் தேற்றுகிறாள்.

"கையைத் தூக்கிக் கேக்கறதுக்கு என்ன சாமி? நான் முன்னாலதான நின்னேன்?"

அவள் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறாள். "கேக்கலாம்னுதானுங் ரெண்டு தடவ நிமிந்து பாத்தேன். நீங்க என்னையவே பாத்துட்டிருந்தீங்க. கண்ண எடுக்கவே இல்லீங். பிட்டு வெச்சிருக்கறேன்னு சந்தேகப்படறீங்களோன்னு நெனச்சுட்டேன். அசைஞ்சா எந்திரிக்கச் சொல்லீருவீங்கன்னு பயமாப் போச்சுங். அதான் அசையவே இல்ல."

மரத்தில் எங்கோ காக்கை கத்துகிறது, யாரோ சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து தட்டி எடுக்கிறார்கள், நான் அப்படியே நிற்கிறேன். அவள் அசையாமல் இருந்தது நான் பார்த்ததனால். நான் பார்த்தது அவள் அசையாமல் இருந்ததனால். இதில் எங்கே நுழைந்து எதைப் பிரித்து எடுப்பது? சமாதானமாக எதையாவது சொல்லி அனுப்பிவிடலாம், அடுத்த பரீட்சைக்கு நாலு பேனா கொண்டு வா என்று. அதைத்தான் டீச்சர்கள் சொல்வார்கள்.

"நான் சந்தேகப்படலை கண்ணு," என்கிறேன். "உன்ன வரைஞ்சுட்டிருந்தேன்."

"எதுலங்?"

"இதுல." விரலைக் காட்டுகிறேன், நகத்தால் கீறிக் காட்டுகிறேன். விரலின் பக்கம் சிவந்து கிடக்கிறது. அவள் விரலைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், இந்தம்மாவுக்குச் சரியாகத்தான் இருக்கிறதா என்கிற மாதிரி. "தெனமும் எதையாச்சும் வரைவேன். அது ஒரு பழக்கம். நீ அசையாம இருந்தியா, நல்லா இருக்குதுன்னு பாத்துட்டே இருந்துட்டேன். எழுதாம இருக்கறயேன்னு எனக்குத் தோணவே இல்ல. தப்பு என்னுதுதான், சிந்துஜா. மன்னிச்சுக்கோ."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. முகம் சிவந்து, பிறகு சிரிப்பு வந்து, அதை உதட்டில் மடக்குகிறாள். "அதுக்கா டீச்சர் அப்பிடி மொறைச்சீங்க?"

"மொறைக்கலடா. பாத்தேன்."

"பரிச்சை ஹால்ல எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்." சொல்லிவிட்டு, அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, "நல்லா வரைவீங்களா? வரைஞ்சா மனுசங்க மாதிரி இருக்குமுங்களா?" என்கிறாள்.

"பாதி நேரம் இருக்காது."

இதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை, டம்ளரிடம் கேட்பார்களா, அவர் தானாகவே வயிற்றை இழுத்துக்கொள்வார், பஸ்ஸில் தூங்குகிறவர்களைக் கேட்க வழியில்லை. "இப்ப வரையட்டுமா? உனக்கு இஷ்டம் இருந்தா. வேண்டாம்னா வேண்டாம்."

அவள் ரோட்டைப் பார்க்கிறாள். "பஸ் வர்ற வரைக்குமுங்களா? செரிங். மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதாப் போட்டுருங்க டீச்சர்."

மரத்தடிக் கல்லில் உட்காருகிறாள். பையிலிருந்து பழைய வினாத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு எதிரில் நிற்கிறேன். நெற்றியில் தொடங்குவதற்குள் தலையைத் திருப்பிச் சௌம்யாவைத் தேடுகிறாள், அவ வரட்டும் டீச்சர், ரெண்டு சாத்துச் சாத்தறேன் என்கிறாள். அவளுக்கு பி.காம் சேர ஆசையாம், அப்பா தறி ஓட்டுகிறாராம், அம்மா நர்சிங் போ என்கிறதாம், ரத்தத்தைப் பார்த்தால் இவளுக்கு மயக்கம் வருமாம், நாளை மறுநாள் கணக்குப்பதிவியலாம், அது என்றால் தண்ணீர் பட்ட பாடாம். பேசுகிறபோது கை பறக்கிறது, புருவம் ஏறுகிறது, அந்த உதட்டுக்கு இப்படியும் இருக்கத் தெரியுமா, ஒரு கோடும் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நான் பிடித்த கன்னம் போய்விடுகிறது, வேறு கன்னம் வருகிறது. "சித்த நேரம் அசையாம இரு" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொள்கிறேன். ஒன்றின்மேல் ஒன்றாகக் கோடு போட்டுக்கொண்டே போகிறேன், மூன்று மூக்கு விழுகிறது, பரவாயில்லை. பேசு, பேசு. எவ்வளவு வேண்டுமானாலும் பேசு.

"காமிங்க டீச்சர்." எட்டிப் பார்க்கிறாள். "ஐயோ, இது எங்க சின்னம்மாளாட்ட இருக்குது." சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். "தாடையே இல்லீங்களே?"

"நீ வாய மூடுனாத்தான தாடை தெரியறதுக்கு?"

ஹாரன் கேட்கிறது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறாள், பாதியில் நின்று திரும்பி வந்து பேனாவை என் கையில் திணிக்கிறாள், "கணக்குப்பதிவியலன்னிக்கு வருவீங்கல்லங்? தாடைய அப்பப் போட்டுக்கலாங்," என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடுகிறாள். வேறு அறை போடுவார்கள், வேறு பள்ளிக்கே போட்டாலும் போடுவார்கள், சொல்ல நேரமில்லை. பஸ் நிறையக் கூட்டம். படியில் அவள் ஏறியது தெரிந்தது, பிறகு தெரியவில்லை. ஜன்னல் கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்து ஆடியது. அது அவள் கையா வேறு யாருடையதா என்று அத்தனை தூரத்திலிருந்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நானும் கையை ஆட்டினேன்.